பெருந்தமனியில் ஒரு ரெய்டு

தினேஷ்பாண்டி வாயை மூடியதை நான் பார்த்தது ஒரு புதன்கிழமை காலையில். கம்பம் பக்கம் போய் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். முப்பத்தைந்து வருடமாகக் கபடி மைதானங்களில் மைக் பிடித்தவர். பாடிப்போகிற வீரனுக்காவது கோட்டைத் தொட்டுத் திரும்பினால் மூச்சுவிட அனுமதி உண்டு, இவர் விடமாட்டார். இரண்டு வாரக் காய்ச்சலோடும் முதுகுவலியோடும் எங்கள் மருத்துவமனைக்கு வந்து படுத்த பிறகும், ஊசி போட வரும் நர்ஸை வர்ணித்துக்கொண்டிருந்தார். "இதோ வலது மூலையிலிருந்து சிஸ்டர் உள்ள வர்றாங்க, கையில ஊசி, கண்ணுல குறி, தப்பிக்க முடியுமா இந்த அறுபத்தோரு வயசு ஆட்டக்காரன்!"

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"முட்டை எங்க வாங்குறீங்க?"

அவ்வளவுதான். மனிதர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார்.

என் பெயர் இதழினி. மருத்துவமனையின் கிருமி ஆய்வுக்கூடம் என் பொறுப்பு. கிருமியைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அந்தக் கிருமியைத் தின்னும் வைரஸைத் தேடிப் பிடித்து வளர்த்துக் கொடுப்பது மீதி வேலை. எங்கள் பாஷையில் அவற்றைத் தின்னிகள் என்போம். 2068இல் பழைய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளில் பாதி சுண்ணாம்புக்குச் சமம் ஆகிவிட்டதால், எங்களை விட்டால் பலருக்கு வேறு கதி கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த வாரம் அது நன்றாகவே அடிபட்டது.

முதல்நாள் செவ்வாய்க்கிழமை, அறுவை மருத்துவர் அஃப்ரின் என்னை ஸ்கேன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள்.

"பாருடி இதை," என்றாள்.

திரையில் தினேஷ்பாண்டியின் பெருந்தமனி. இதயத்திலிருந்து புறப்பட்டு வயிற்றுக்குள் இறங்கி, உடம்பு முழுக்க ரத்தம் பிரித்துக் கொடுக்கும் தலைமைக் குழாய். தொப்புளுக்குச் சற்று மேலே அதன் ஒரு பக்கம் மட்டும் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"வயசானவங்களுக்கு வர்ற வீக்கமா இருக்கக் கூடாதா?"

"அதுன்னா ரெண்டு பக்கமும் சமமா, வருஷக்கணக்கா மெதுவா வீங்கும். இது ஒரு பக்கமா பொங்கியிருக்கு. சுத்தி இருக்கிற சதை கலங்கிப் போயிருக்கு. சனிக்கிழமை எடுத்த ஸ்கேன்ல எலுமிச்சம்பழம். இன்னைக்குக் கொய்யாக்காய்."

"அப்ப கிருமி."

"கிருமிதான். சுவரை உள்ளேருந்து அரிச்சுக்கிட்டிருக்கு. ஞாயித்துக்கிழமையைத் தாண்டாது இதழி. வெடிச்சா லிஃப்ட் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

"அந்தத் துண்டை வெட்டிட்டுப் புதுக்குழாய் வெச்சிரு."

"வெச்சா அதே கிருமி புதுக்குழாய்ல குடியேறும். பத்தே நாள்ல திரும்ப இங்கயே நிப்போம். முதல்ல நீ அதைக் காலி பண்ணு. அப்புறம் நான் குழாய் வெக்கிறேன்."

சொல்வது சுலபம். தின்னி தேர்ந்தெடுக்க எனக்கு உயிரோடு ஒரு கிருமி வேண்டும். ஒவ்வொரு தின்னியும் ஒரே வகை இரையைத்தான் தொடும். எது தொடுகிறது என்று தட்டில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவர் ரத்தத்தை மூன்று முறை எடுத்து வளர்ப்புத் தட்டில் வைத்தேன். மூன்று முறையும் தட்டு கழுவிக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

காரணம் கேட்டபோது மனிதர் பெருமையாகச் சொன்னார். "காய்ச்சல் வந்தா நான் சும்மா இருக்கிற ஆளா? நம்ம மெடிக்கல் அண்ணன்கிட்ட ரெண்டு மாத்திரை. மறுநாள் சின்னமனூர்ல மேட்ச், அங்க ஒரு மெடிக்கல்ல ரெண்டு. உத்தமபாளையத்துல ரெண்டு."

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிறது. நம் ஊரில் மருந்துக்கடைக்காரர் 'அண்ணன்' ஆகிவிட்டால் சட்டம் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடும். அந்த ஆறு மாத்திரைகள் ரத்தத்தில் மிதந்த கிருமிகளைக் கொன்றன. தமனிச் சுவருக்குள் பதுங்கியிருந்தவற்றை ஒன்றும் செய்யவில்லை. ஆகவே ரத்தத்தில் சாட்சி இல்லை, சுவருக்குள் கொலைகாரன் சௌக்கியம். ஊசி விட்டு அந்தப் பிதுங்கிய பையிலிருந்தே எடுக்கலாமா என்றால், தொட்டாலே வெடித்துவிடும் என்றாள் அஃப்ரின்.

செத்த கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கிடந்தன. அவற்றை இயந்திரத்தில் கொடுத்துப் படித்ததில் ஆள் யாரென்று மட்டும் தெரிந்தது. சால்மோனெல்லா. அதிலும் கோழியின் வயிற்றில் வாழும் ரகம். செத்த துணுக்கு அடையாளம் காட்டும், தின்னிக்குத் தீனி ஆகாது. உயிருள்ளது வேண்டுமானால் அவருக்கு இதைக் கொடுத்த கோழியிடம்தான் போக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். தமிழ்நாட்டில் வீட்டுக்கோழி என்பதே கிடையாது. பதினொரு வருடத்துக்கு முன் முட்டைக் காய்ச்சல் வந்து இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் நாற்பத்தொரு குழந்தைகள் போனார்கள். அதன் பிறகு வீட்டில் கோழி வளர்த்தால் இரண்டு வருடம் சிறை. எல்லோரும் தின்பது மூடிய ஆலைகளில் கதிர் பாய்ச்சிச் சுத்தம் செய்த ரேஷன் முட்டை. கோழி வைத்திருப்பவரைப் பற்றித் தெரிந்தால் மருத்துவர்கள் இருபத்துநாலு மணி நேரத்தில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இத்தனையும் எனக்கு மனப்பாடம். அந்தச் சட்டம் எந்த அறிக்கையிலிருந்து பிறந்ததோ, அதை எழுதியவள் நான்.

"ரேஷன் முட்டைதான்," என்றார் தினேஷ்பாண்டி சுவரைப் பார்த்தபடியே.

"பச்சையா குடிப்பீங்களா?"

"மேட்சுக்கு முன்னாடி ஒண்ணு. மேல ஊசியால ஓட்டை போட்டு ஒரே உறிஞ்சு. தொண்டைக்கு நல்லது. ரேஷன் முட்டைதான் டாக்டரம்மா, ரேஷன் முட்டைதான்."

"ரேஷன் முட்டையில கிருமி இருக்காது. நீங்க உண்மையைச் சொல்லலேன்னா ஞாயித்துக்கிழமை இருக்க மாட்டீங்க. புரியுதா?"

"புரியுது."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து கதவருகே போனபோது அவர் மெல்லக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா. என் வீட்டம்மாகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மைக்கில் முப்பத்தைந்து வருடம் உளறாத மனிதர் அந்த ஒரு வரியில் உளறிவிட்டார்.

அவர் மனைவி சர்மிளா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கும் டிரோன் ஓட்டுகிறவர், ஐம்பத்தேழு வயது, வெயிலில் கறுத்த கைகள்.

"பேசுறாகளா?" என்று கேட்டார்.

"இல்ல. அதான் பிரச்சினையே."

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கொய்யாக்காயை, ஞாயிற்றுக்கிழமையை, எங்கேயோ இருக்கும் கோழியை. சட்டத்தையும் மறைக்கவில்லை. "கோழி யார் வீட்டுதுன்னு எனக்குத் தெரிஞ்சா நான் எழுதிக் குடுத்தே ஆகணும். அதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

சர்மிளா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த ரிப்போட்டு எழுதுன டாக்டரு நீங்கதான?"

"நான்தான்."

கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். புருஷன் சாகக் கிடக்கும்போது இப்படியும் ஒரு பெண்ணா என்று நினைத்தேன். நான் அவசரப்பட்டு நினைப்பவள்.

இரண்டு மணி நேரம் கழித்து என் ஆய்வுக்கூடத்து மேசையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று வந்து உட்கார்ந்தது. மேலே போர்த்தியிருந்த துண்டை சர்மிளா விலக்கினார். கறுப்பு உடம்பும் செம்பட்டைக் கழுத்துமாக ஒரு நாட்டுக்கோழி. கொக்கரிக்காமல் இருக்க அலகில் தலைமுடி ரப்பர்பேண்ட் மாட்டியிருந்தது. பதினொரு வருடம் கழித்து ஒரு கோழியை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். அது என்னை ஒரு கண்ணால் முறைத்தது.

"இந்த டப்பாவுல இன்னைக்குக் காலையில போட்ட எச்சம். இது முட்டை. இப்ப எழுதிக்கோங்க. சர்மிளா, மேலத்தெரு, மொட்டைமாடி. மொத்தம் அஞ்சு உருப்படி. அந்த மனுசன் வாயைத் தொறக்காம சாகப் பாத்திருக்காரு, கிறுக்கு. ஜெயிலு என்ன ஜெயிலு, ரெண்டு வருசம் கண்ணை மூடித் தொறந்தா ஓடிரும்."

"பதினோரு வருஷமா யாருக்கும் சத்தம் கேக்கலையா?"

"அவுக கமெண்ட்ரி ரெக்கார்டிங்கு இருக்குல்ல, அதை ஸ்பீக்கர்ல போட்டு விட்ருவேன். விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும். அந்தச் சத்தத்துல கோழி என்ன, யானை பிளிறுனாலும் கேக்காது. மேலத்தெருவே என்னைப் புருசப் பைத்தியம்னு சொல்லுது."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "இத்தனை வருஷம் கோழி பெருகியிருக்கே, சேவல் இல்லாம குஞ்சு எப்படி வந்துச்சு?"

"சேவல் வேற ஒருத்தரு வீட்ல இருக்கு. அவரைச் சொல்ல மாட்டேன். என்னைய மட்டும் எழுதுங்க."

எச்சத்தைக் கரைத்துத் தட்டில் வைத்தேன். எங்கள் துரித வளர்ப்புப் பெட்டியில் ஆறு மணி நேரம் போதும். கிருமி பால் ஏடு படிந்த மாதிரி தட்டு முழுக்கப் பரவியது. ரத்தத் துணுக்குகளோடு ஒப்பிட்டேன். அதே ஆள்.

எங்கள் வங்கியில் நானூற்றுப் பன்னிரண்டு தின்னிகள் இருந்தன. எல்லாவற்றையும் துளித்துளியாகத் தட்டுகளில் விட்டேன். தின்னி இரையைத் தின்றால் துளி விழுந்த இடம் தெளிந்து ஓட்டை மாதிரித் தெரியும். வியாழக்கிழமை காலை தட்டுகளைத் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் பால் ஏடு அப்படியே இருந்தது. ஒரு ஓட்டை கிடையாது.

அஃப்ரின் வந்து தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அன்றைய ஸ்கேனில் கொய்யாக்காய் இன்னும் பெருத்திருந்தது. நான் நாற்காலியில் சரிந்தேன். அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன், அதில் என்ன வெட்கம்.

சர்மிளா அங்கேயேதான் இருந்தார். கோழியை விட்டு நகர மறுத்துவிட்டார். அட்டைப்பெட்டிக்குள் அதற்குக் கம்பு தூவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"ஏன் டாக்டரம்மா, அதே கிருமி இது வயித்துலயும் இருக்குல்ல?"

"இருக்கு."

"இதுக்கு ஒண்ணுமே ஆகலையே. இது எப்படி குத்துக்கல்லாட்டம் இருக்கு?"

கோழிகளுக்கு இந்தக் கிருமி பழகிப்போயிருக்கும் என்று பாடப்புத்தகப் பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நின்றேன். கிருமி இருக்கும் இடத்தில் அதைத் தின்கிறவனும் இருப்பான். முதல் வருட மாணவர்களுக்கு நானே நடத்தும் பாடம். ஆற்றுக் கிருமிக்குத் தின்னி ஆற்றில், சாக்கடைக் கிருமிக்கு சாக்கடையில். அப்படியென்றால் கோழிக் கிருமிக்கு?

"அஃப்ரின், அந்த டப்பாவை எடு. சீக்கிரம்."

எச்சத்தைக் கரைத்து, கிருமியெல்லாம் தங்கிவிடும் நுண்வடிகட்டியில் ஊற்றினேன். வடிகட்டியைத் தாண்டி வந்தது வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது. ஒரு துளி எடுத்துத் தட்டின் நடுவில் விட்டேன். மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். பெட்டிக்குள் கோழி கொறித்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் ஆனது. பால் ஏட்டின் நடுவில், துளி விழுந்த இடம் மட்டும், துடைத்த கண்ணாடியாகத் தெளிந்திருந்தது.

நான் போட்ட கத்தலில் அடுத்த அறையிலிருந்தவர்கள் தீ என்று நினைத்து ஓடிவந்தார்கள். சர்மிளாவைக் கட்டிப்பிடித்தேன். அஃப்ரின் கோழியைக் கையில் எடுத்துக் கொஞ்சினாள்.

ஆனால் அந்தத் தெளிந்த வட்டத்தை மறுபடி பார்த்தபோது, எங்கள் வங்கியில் இது ஏன் இல்லை என்று புரிந்துவிட்டது. என் அறிக்கை பொய் இல்லை; குழந்தைகளைக் கொன்றது கோழிக் கிருமிதான். ஆனால் கோழிகளை ஒழித்தபோது அந்தக் கிருமிக்குக் கடவுள் வைத்திருந்த எமனையும் சேர்த்து ஒழித்தவள் நான். ஆலை முட்டையில் கிருமியும் இல்லை, தின்னியும் இல்லை. ஒரு மொட்டைமாடியில், கபடி வர்ணனைக்கு நடுவில், ஐந்து கோழிகளின் வயிற்றில் மட்டும் அது பிழைத்திருந்தது.

தின்னியைப் பெருக்கி, சுத்தம் செய்து, ஸ்கேனில் பச்சையாக ஒளிரும் ஒரு அடையாளத்தையும் ஒட்டி, அன்று மாலைக்குள் தினேஷ்பாண்டியின் ரத்தத்தில் ஏற்றினோம். வெள்ளிக்கிழமை காலை அவரை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்தபோது, திரையை அவருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தேன். சர்மிளா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இன்னும் பேசவில்லை. மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது தெரிந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

திரையில் பெருந்தமனி தெரிந்தது. மேலிருந்து பச்சைப் புள்ளிகள் இறங்கி வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவு. அந்தப் பிதுங்கிய பையின் வாசலில் அவை திரும்பின. உள்ளே நுழைந்தன.

"என்னம்மா இது?" என்றார்.

"உங்க வீட்டுக் கோழி வயித்துல இருந்து எடுத்த ஆளுங்க. கிருமியைத் திங்கப் போயிருக்காங்க. ஒருத்தன் உள்ள போனா நூறு பேரா வெளிய வருவான். இரை இருக்கிற இடத்துலதான் பச்சை கூடும்."

அவர் தொண்டையைக் கனைத்தார். எனக்குப் புல்லரித்தது, அந்தக் கனைப்பை நான் பள்ளிக்கூட நாளிலிருந்து மைதானங்களில் கேட்டிருக்கிறேன்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே," என்று மெலிந்த குரலில் ஆரம்பித்தார். "இதோ களம் இறங்குகிறது மேலத்தெரு சர்மிளா அணி! பச்சை ஜெர்சி! எதிரணி சுவத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு, வெளிய வர மாட்டேங்குது, விடுவாங்களா நம்ம பசங்க? நடுக்கோட்டைத் தாண்டியாச்சு! ஒருத்தர் தொட்டாச்சு! ரெண்டு பேர்! மூணு பேர்! அய்யய்யோ, மூலையில நின்னவனையும் விடல..."

"அசையாதீங்க, படம் கலங்குது!" என்று அஃப்ரின் அதட்டினாள். அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பை முழுக்கப் பச்சையாகி, உச்சத்துக்குப் போய், மாலைக்குள் மெல்ல மெல்ல மங்கியது. இரை தீர்ந்தால் தின்னியும் தீரும். கடைசிப் புள்ளி அணைந்தபோது தினேஷ்பாண்டி கத்தியது வார்டு முழுக்கக் கேட்டது. "ஆல் அவுட்!"

சனிக்கிழமை காலை அஃப்ரின் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுக்குழாய் தைத்தாள். வெட்டியெடுத்ததை என் தட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிருமி முளைக்கவில்லை. மூன்று நாளைக்கு முன் வெறுந்தட்டைப் பார்த்து நொந்தவள் இப்போது அதே வெறுந்தட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

இனி என் பாவக் கணக்கு. வியாழக்கிழமை மதியமே, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். சட்டத்தில் ஆய்வுக்கூடப் பறவைகளுக்கு விலக்கு உண்டு. அந்த வரியும் நான் எழுதியதுதான். என்றாவது தேவைப்படும் என்றெல்லாம் இல்லை, அறிக்கை நிறைவாக இருக்கட்டுமே என்று சேர்த்தேன். படிவத்தில் இப்படி நிரப்பினேன்: பறவைகள் ஐந்து. பயன், உயிர்காக்கும் தின்னி எடுத்தல். பராமரிப்பாளர், சர்மிளா. இடம், ஆய்வுக்கூடத்தின் மேலத்தெருக் கிளை. எந்தத் தேதியிலிருந்து என்று எழுதவில்லை. படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்த புண்ணியவதியும் நானேதான்.

திங்கட்கிழமை சுகாதார ஆய்வாளர் கவின்ராஜ் வந்தார். முட்டைக் காய்ச்சல் வருடத்தில் பள்ளத்தாக்குக் கோழிகளைப் பிடித்துக் குழியில் போட்டவர். சிரித்தே பார்த்திராத முகம். சர்மிளாவும் நானும் அவர் முன்னால் நின்றோம்.

"மேலத்தெருவுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நான் சோதனைக்குப் போவேன்," என்றார் படிவத்தைப் புரட்டியபடி. "இப்படி ஒரு கிளை இருக்கிறது எனக்குத் தெரியலையே."

"கிளை புதுசு," என்றேன். "கோழிகள் அரசாங்கத்தோடது. இந்தக் கோழி ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கு. இன்னைக்கே இரண்டாவது அறிக்கை அனுப்புறேன். முதல் அறிக்கையில நான் பாதியைத்தான் எழுதியிருந்தேன்னு அதுல எழுதியிருக்கேன். முட்டையை அவிச்சுத் தின்னுங்கன்னு சொல்லியிருக்கணும். கோழியைக் கொல்லுங்கன்னு சொன்னது என் தப்பு."

அவர் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கையெழுத்துப் போட்டார். எழுந்து கதவுவரை போய், வெளியே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மேடம், உங்க ஆய்வுக்கூடத்துல இன்னும் நாலுக்கு இடம் இருக்குமா? மூணு பெட்டை." குரலை இன்னும் தாழ்த்தினார். "ஒரு சேவல்."

நான் சர்மிளாவைப் பார்த்தேன். சர்மிளா ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருட முடிவில் ஆய்வுக்கூடத்துக்குப் பள்ளத்தாக்கில் அறுநூறு கிளைகள் ஆகியிருந்தன. அதற்கடுத்த வருடம் சட்டமே மாறியது. எங்கள் வங்கியில் இப்போது ஆயிரத்துக்கு மேல் தின்னிகள். பெருந்தமனியில் கிருமி என்று வருகிறவர்களுக்கு நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்ப்பதில்லை. தினேஷ்பாண்டி மறுபடி மைக் பிடித்துவிட்டார். மேட்சுக்கு முன்னால் இன்றும் ஒரு முட்டை உண்டு, நன்றாக அவித்தது. அதை மைக்கில் அறிவித்துவிட்டுத்தான் வாயில் போடுகிறார்.

போன மாதம் கோழி எச்ச மாதிரி எடுக்க மேலத்தெருவுக்குப் போனேன். தெருமுனையிலேயே ஸ்பீக்கர் சத்தம் கேட்டது, பழைய சின்னமனூர் மேட்ச். மொட்டைமாடியில் கோழிகள் சுதந்திரமாகக் கொக்கரித்துக்கொண்டு திரிந்தன. அவர் வெளியூர் ஆட்டத்துக்குப் போய் நாலு நாள் ஆகிறதாம்.

"இப்பதான் கோழி சத்தம் போட்டா யாரும் பிடிக்க மாட்டாங்களே," என்றேன். "இன்னும் எதுக்கு ஸ்பீக்கர்?"

சர்மிளா முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "கோழிகளுக்குப் பழகிருச்சு டாக்டரம்மா. அந்தக் குரலு கேக்கலேன்னா முட்டை போட மாட்டேங்குதுக."